ஒரு நோய் வீட்டுக்கு வைக்கும் செலவை என்.எஸ்.எஸ். தரவில் கணக்கிடுவது

ஒரு நோய்க்காக இந்தியக் குடும்பங்கள் எவ்வளவு செலவழிக்கின்றன என்று கணக்கிட முதலில் எடுக்க வேண்டியது, தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் (என்.எஸ்.எஸ்.) 75-ஆவது சுற்று, அட்டவணை 25.0 என்ற உடல்நலக் கேள்வித்தாள். 2017 ஜூலை முதல் 2018 ஜூன் வரை 1,13,823 வீடுகளில் எடுத்தது. வீட்டுவாரித் தரவை மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்தில் பதிவுசெய்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இங்கே புற்றுநோயை வைத்துப் பார்ப்போம்.

கோப்பைத் திறந்தால் இடைவெளியில்லாத எண்கள்தான் இருக்கும். எந்த இலக்கம் எந்தக் கேள்விக்கான பதில் என்பதை உடன் வரும் லேஅவுட் கோப்பு சொல்லும். ஓர் இலக்கம் தள்ளிப் படித்துவிட்டாலும் வரிகளின் எண்ணிக்கை சரியாகவே வரும், தொகைகள்தான் குலைந்துபோகும். அதனால் மேலே போகும் முன், வெளியான அறிக்கையில் ஏதாவது ஓர் அட்டவணையை நீங்களே திரும்பக் கணக்கிட்டுப் பாருங்கள்.

அடுத்தது எடை, அதாவது மாதிரியில் உள்ள ஒரு வீடு நாட்டில் எத்தனை வீடுகளுக்காக நிற்கிறது என்ற எண். கோப்பில் மல்டிப்ளையர் என்ற நிரலிலிருந்து அது கிடைக்கும். என்.எஸ்.எஸ்., என்.எஸ்.சி. என்ற இரு நிரல்களின் (இங்கே என்.எஸ்.எஸ். கணக்கெடுப்பின் பெயரல்ல, மாதிரி அலகுகளின் எண்ணிக்கை) மதிப்பும் ஒன்றாக இருந்தால் மல்டிப்ளையரை 100-ஆல் வகுக்க வேண்டும். வேறாக இருந்தால் 200-ஆல். மருத்துவமனையில் சேர்ந்தவர் உள்ள வீடுகளை இந்தக் கணக்கெடுப்பு வேண்டுமென்றே கூடுதலாகத் தேர்ந்தெடுத்தது. எடை போடாமல் சராசரி எடுத்தால் நாடே படுத்த படுக்கையாக இருப்பதுபோல் தெரியும்.

கோப்பில் ஒரு வரி என்பது ஒரு நோயாளியல்ல, ஒரு மருத்துவமனைச் சேர்க்கை. கீமோவுக்கு நான்கு முறை சேர்ந்தவருக்கு நான்கு வரிகள் இருக்கும். அவற்றை நபருக்கும் பிறகு வீட்டுக்கும் கூட்டிக்கொள்ளுங்கள். கடந்த 365 நாட்களில் இறந்தவர்களின் விவரம் தனித் தொகுதியில் இருக்கும். புற்றுநோய்க் கணக்கில் அவர்களை விட்டால் பெருஞ்செலவு செய்த வீடுகளே விடுபட்டுப்போகும்.

கைச்செலவு = மருத்துவச் செலவு + போக்குவரத்து, உணவு, தங்கல் − திரும்பக் கிடைத்த தொகை. ஒரு கற்பனைக் கணக்கு: மாதம் 9,000 ரூபாயில் ஓடும் வீடு, ஆண்டுக்கு 1,08,000. மருத்துவம் 38,000, போக்குவரத்தும் சாப்பாடும் 11,000, காப்பீட்டில் வந்தது 20,000. கையிலிருந்து போனது 29,000, அதாவது ஆண்டுச் செலவில் 26.9 சதவீதம். போக்குவரத்தையும் சாப்பாட்டையும் விட்டால் 16.7 சதவீதம்தான். ஐ.நா.வின் நிலையான வளர்ச்சி இலக்குகளின் 3.8.2 குறியீடு, வீட்டுச் செலவில் மருத்துவத்தின் பங்குக்கு 10, 25 சதவீதம் என்ற வரம்புகளை வைத்திருந்தது; 2025-இல் அது திருத்தப்பட்டது. எதைச் சேர்த்தோம் என்பதைப் பொறுத்தே இந்த வீடு 25-ஐத் தாண்டுகிறது. சில வீடுகளுக்கு விகிதம் 100-ஐத் தாண்டும்; பிழையென்று நீக்காதீர்கள். வகுக்கும் எண் வழக்கமான மாதச் செலவை 12-ஆல் பெருக்கியது, கடன் வாங்கிச் செய்த செலவு அதில் வராது. கைச்செலவு மைனஸில் வந்தால் மட்டும் அந்த வரியைத் திறந்து பாருங்கள்.

பலரும் சறுக்குவது வெளிநோயாளிச் செலவில். அது 15 நாட்களுக்கே கேட்கப்பட்டது. நாட்டின் மொத்தத் தொகைக்கு 365/15, அதாவது 24.3-ஆல் பெருக்கலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் பெருக்கினால், அந்த 15 நாட்களில் ஸ்கேன் எடுத்த வீடு ஆண்டு முழுக்க ஸ்கேன் எடுத்ததாகவும், அடுத்த வாரம் எடுக்கவிருந்த வீடு செலவே செய்யாததாகவும் ஆகிவிடும். வரம்பைத் தாண்டிய வீடுகளை எண்ணச் சேர்க்கைச் செலவை மட்டும் வைத்துக்கொண்டு, அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது மேல்.

இழந்த கூலிக்கு, மருத்துவமனையில் இருந்த நாட்களை அதே 2017-18-இன் தொழிலாளர் கணக்கெடுப்பான பி.எல்.எஃப்.எஸ். தரும் கூலியால் பெருக்கலாம். துணைக்கு இருந்தவரின் நாட்களையும் அப்படியே சேர்க்கலாம், ஆனால் அது அனுமானம். தனி வரியில் காட்டுங்கள்.

மாநிலவாரியாகப் பிரித்தால் புற்றுநோய்க்குச் சில மாநிலங்களில் விரல்விட்டு எண்ணும் அளவே வரிகள் மிஞ்சும். அங்கே சராசரி போடாதீர்கள். மற்ற இடங்களிலும் சராசரியோடு இடைநிலையையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் மதிப்பு) தாருங்கள். சிகிச்சைக்கே போகாதவரின் செலவு இந்தத் தரவில் பூஜ்யம். அதனால் ஏழை ஐந்தில் ஒரு பங்கினரின் சுமை குறைவாகத் தெரிந்தால், பக்கத்திலேயே அவர்களின் சேர்க்கை விகிதத்தையும் போடுங்கள்.