சின்ன ஸ்பீக்கர், நல்ல குரல்: குறைந்த செலவில் ஒரு ஜோடி தேர்ந்தெடுப்பது எப்படி

குறைந்த செலவில் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் எது வாங்கலாம் என்று யார் கேட்டாலும், "எங்கே வைக்கப் போகிறீர்கள்?" என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பேன். சுவரை ஒட்டிய அலமாரியிலா, மேசை மேலேயா, தனி ஸ்டாண்டிலா? இதற்குப் பதில் தெரிந்தாலே நீங்கள் பார்த்து வைத்திருக்கும் பட்டியலில் பாதி கழன்றுவிடும்.

காரணம் பேஸ், அதாவது தாழ்ந்த கனமான ஒலி. அது பெட்டிக்கு முன்னால் மட்டும் போவதில்லை, நாலாபுறமும் பரவும். பின்னால் சுவர் இருந்தால் அதில் பட்டுத் திரும்பி, முன்னால் வரும் ஒலியோடு சேர்ந்துகொள்ளும். அதனால் சுவரை ஒட்டி வைத்தால் பேஸ் ஏறும், மூலையில் வைத்தால் இன்னும் ஏறும். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் எல்லா ஸ்வரத்திலும் ஒரே அளவாக ஏறாது. சில இடங்களில் மட்டும் வீங்கும். ஆண்குரல் பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடும். பெட்டியின் முதுகில் காற்றுத் துளை (போர்ட் என்பார்கள்) இருந்தால் சுவரிலிருந்து குறைந்தது ஒரு சாண் தள்ளி வையுங்கள், முடிந்தால் ஒரு முழம். அலமாரிக்குள்தான் வைக்க முடியும் என்றால் முன்பக்கம் போர்ட் உள்ளதைத் தேடுங்கள், அல்லது போர்ட்டே இல்லாத மூடிய பெட்டியைப் பாருங்கள். சில ஸ்பீக்கர்களோடு துளையை அடைக்க ஃபோம் துண்டும் தருவார்கள். அது இருந்தால் பிரச்சினை பாதி தீர்ந்தது.

சின்னப் பெட்டியில் என்ன பெரிதாகக் கேட்டுவிடப் போகிறது என்று நினைப்பவர்களுக்கு ஒரு உதாரணம். 1970களில் பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்காக எல்.எஸ். 3/5ஏ என்ற ஸ்பீக்கரை வடிவமைத்தது. மூடிய பெட்டி, உள்ளே சுமார் 5 லிட்டர் இடம், அவ்வளவுதான். ஆழமான பேஸ் அதில் கிடையாது. ஆனாலும் இன்றுவரை அதைத் தேடி வாங்குகிறார்கள் என்றால், மனிதக் குரல் அதில் மனிதக் குரலாகவே கேட்பதால்தான். குறைந்த பட்ஜெட்டிலும் நான் தேடச் சொல்வது இதைத்தான். பேஸ் போதவில்லை என்றால் பிறகு ஒரு சப்வூஃபர் (பேஸுக்கென்றே உள்ள தனிப் பெட்டி) சேர்த்துக்கொள்ளலாம். குரலைக் கெடுக்கும் பெட்டிக்கு அப்படி எளிதான மருந்து இல்லை.

அடுத்து, ஆக்டிவா பேசிவா. ஆக்டிவ் என்றால் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர் (சுருக்கமாக ஆம்ப்) பெட்டிக்குள்ளேயே இருக்கும். மின்சாரம் கொடுத்து, ஃபோனையோ டிவியையோ இணைத்தால் போதும். பேசிவ் என்றால் தனி ஆம்ப் வேண்டும். கையில் ஏற்கெனவே ஆம்ப் இல்லை, மொத்த பட்ஜெட்டும் சின்னது என்றால் ஆக்டிவ்தான் கணக்குக்குச் சரிவரும். வாங்குமுன் இரண்டு விஷயம் பாருங்கள். பாட்டு ஓடாதபோது ட்வீட்டர் (உயர்ந்த ஒலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கர்) அருகே காதை வைத்து, 'உஸ்ஸ்' சத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். கொஞ்சம் எல்லாவற்றிலும் இருக்கும். மேசையில் கைக்கெட்டும் தூரத்தில் வைப்பவருக்கு அந்தக் கொஞ்சமே தொந்தரவு. இரண்டாவது, தானாக அணைந்துவிடும் வசதி. ராத்திரியில் சன்னமாகப் பாட்டு வைத்தால், பாட்டே ஓடவில்லை என்று எண்ணித் தூங்கிவிடும் ஸ்பீக்கர்கள் உண்டு. அதை நிறுத்தி வைக்க வழி இருக்கிறதா என்று கேட்டே வாங்குங்கள். நீண்ட காலத்துக்கு என்றால் என் ஓட்டு பேசிவுக்கு. ஆம்ப் பழுதானால் ஆம்பை மட்டும் மாற்றலாம், ஸ்பீக்கர் அப்படியே இருக்கும்.

இனி பெட்டிமேல் அச்சடித்திருக்கும் எண்கள். பெரிய எழுத்தில் இருக்கும் வாட்ஸைப் பார்த்து மயங்க வேண்டாம். வாட்ஸ் இரட்டிப்பானால் சத்தம் கூடுவது 3 டெசிபல்தான் (டெசிபல் என்பது சத்தத்தின் அளவு). 50க்கும் 100க்கும் இடையே காது உணரும் வித்தியாசம் அவ்வளவு சின்னது. அதைவிட முக்கியம் சென்சிடிவிட்டி, அதாவது ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் வருகிறது என்பது. 84 டெசிபல் ஸ்பீக்கரை 87 டெசிபல் ஸ்பீக்கர் அளவுக்குப் பாட வைக்க ஆம்ப் இரண்டு மடங்கு உழைக்க வேண்டும். பெரும்பாலும் இந்த அளவை 2.83 வோல்ட்டில் எடுக்கிறார்கள். 8 ஓம் (மின்தடையின் அளவு) ஸ்பீக்கருக்கு அது ஒரு வாட், 4 ஓமுக்கு இரண்டு வாட். ஆகவே 4 ஓம் ஸ்பீக்கர் காட்டும் எண்ணில் 3 டெசிபலைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள். 4 ஓம் ஸ்பீக்கரை உங்கள் ஆம்ப் தாங்குமா என்பதை அதன் பின்பக்க எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு தாழ்ந்த ஒலியிலிருந்து எவ்வளவு உயர்ந்த ஒலி வரை வரும் என்பதை '45 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை' என்று போட்டிருந்தால், பக்கத்தில் ± 3 டெசிபல் என்பதுபோல் ஏதாவது (அந்த எல்லைக்குள் சத்தம் எவ்வளவு ஏறி இறங்கும் என்பது) இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அந்த 45க்கு அர்த்தமே இல்லை. சத்தம் காதில் விழாத அளவுக்குத் தேய்ந்த இடத்தையும் 45 என்று எழுதிக்கொள்ளலாம், யார் தடுப்பது? பேஸ் கித்தாரின் மிகத் தாழ்ந்த ஸ்வரம் சுமார் 41 ஹெர்ட்ஸ். ஐந்தேகால் அங்குல வூஃபர் (பேஸைத் தரும் பெரிய கூம்பு) கொண்ட சின்னப் பெட்டி பெரும்பாலும் அதை முழு பலத்தோடு தராது. பரவாயில்லை, அந்த ஸ்வரத்தோடு சேர்ந்து அதற்கு மேலே ஒலிக்கும் துணை அதிர்வுகளை வைத்தே காது அந்த ஸ்வரத்தைப் புரிந்துகொள்ளும்.

சரி, இப்போது கேட்டுப் பார்ப்பது. ஜோடியாகக் கேட்குமுன் ஒற்றை ஸ்பீக்கரை மட்டும் ஓடவிட்டு, ஒலியை மோனோவில் (இடம், வலம் என்று பிரிக்காமல் ஒன்றாக) வைத்துக் கேளுங்கள். ஸ்டீரியோவில் ஒலி அகலமாக விரிந்து குறைகளை மறைத்துவிடும். ஒற்றையில் மறைக்க இடமில்லை. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்திலும் பிறகு ஹார்மன் நிறுவனத்திலும் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்த ஃப்ளாய்ட் டூல் இதையே வலியுறுத்துகிறார். எந்த ஸ்பீக்கர் என்று தெரியாமல் திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்கச் சொன்னால், பெரும்பாலானோர் ஏற்ற இறக்கமில்லாமல் சீராக ஒலிப்பதையே விரும்புகிறார்கள் என்பதும் அந்த ஆராய்ச்சிகளில் தெரிய வந்ததுதான்.

முதலில் பாட்டு வேண்டாம், யாராவது பேசும் பதிவு ஒன்றைப் போடுங்கள். பேச்சு எப்படி இருக்க வேண்டும் என்று காதுக்கு நன்றாகத் தெரியும், ஏமாற்ற முடியாது. 'ச', 'ஸ' வரும்போது ஊசிபோல் குத்துகிறதா? மூக்கடைத்தவர் பேசுவதுபோல் இருக்கிறதா? கண்ணை மூடினால் எதிரே ஆள் இருக்கிறாரா, பெட்டி இருக்கிறதா? அப்புறம் எழுந்து நில்லுங்கள், பக்கவாட்டில் நாலடி நடங்கள். குரலின் நிறம் சட்டென்று மாறினால் அந்த ஸ்பீக்கர் ஒரே நாற்காலிக்கு மட்டும் பாடுகிறது என்று அர்த்தம். வீட்டில் யாரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பதில்லை. பிறகு ஒரு மிருதங்கம் போடுங்கள். தொப்பிப் பக்கத்தின் 'தொம்' வந்து, அடங்க வேண்டிய நேரத்தில் அடங்க வேண்டும். எல்லா அடியும் ஒரே 'தும் தும்' என்று கேட்டால் பேஸ் பெட்டியிலிருந்து வருகிறது, வாத்தியத்திலிருந்து இல்லை.

இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக்குங்கள். கொஞ்சம் சத்தமாக ஒலிப்பதையே காது நல்லது என்று சொல்லிவிடும். ஃபோனில் டெசிபல் அளக்கும் ஆப் ஒன்று போதும், ஒரே இடத்தில் வைத்து அளந்தால் சரி. அந்தச் சத்தமும் நீங்கள் வீட்டில் வழக்கமாக வைக்கும் அளவாகவே இருக்கட்டும். சத்தம் குறையக் குறைய நம் காதுக்கு பேஸ் அதிகமாகவே குறைந்து கேட்கும் என்பதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1933லேயே அளந்து காட்டிவிட்டார்கள். கடையில் அலற விட்டுக் கேட்டு முடிவு செய்தால், வீட்டில் அதே ஸ்பீக்கர் வற்றிப்போய்க் கேட்கும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கத் தயங்க வேண்டாம், பேசிவ் ஸ்பீக்கருக்கு அதுதான் உண்மையான சிக்கனம். வூஃபரைச் சுற்றியுள்ள விளிம்பை விரலால் மெல்லத் தொடுங்கள். ரப்பர் என்றால் நிம்மதி. ஃபோம் என்றால் காலப்போக்கில் பொடிந்து உதிரும். பிசுபிசுத்தாலோ கறுப்புத் தூள் ஒட்டினாலோ மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். பிறகு நாலு விரல்களையும் பரப்பி, கூம்பை நேராக, மிக மெதுவாக உள்ளே அழுத்துங்கள். 'சர்சர்' என்று உரசினால் உள்ளே உள்ள காயில் (கூம்பை அசைக்கும் கம்பிச் சுருள்) சாய்ந்திருக்கிறது, அந்தப் பேரத்தை விட்டுவிடுங்கள். ட்வீட்டரைத் தொடவே கூடாது. பாட்டை ஓடவிட்டு இரண்டு ட்வீட்டரிலும் மாறி மாறிக் காதை வைத்துக் கேளுங்கள். ஒன்று செத்திருந்தாலும் தூரத்திலிருந்து கேட்பவருக்குச் சட்டென்று தெரியாது.

வாங்கி வந்த பிறகு ட்வீட்டர் உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்துக்கு வர வேண்டும். மேசையில் தாழ்வாக இருந்தால் முன்பக்கத்துக்குக் கீழே ஏதாவது கொடுத்துக் கொஞ்சம் நிமிர்த்துங்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே உள்ள தூரமும் உங்களுக்கும் ஒவ்வொன்றுக்கும் உள்ள தூரமும் ஏறக்குறைய சமமாக இருக்கட்டும். வயருக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். வீட்டுத் தூரத்துக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் தாராளம். சிவப்பு சிவப்புக்கும் கறுப்பு கறுப்புக்கும் போயிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மாறியிருந்தால் நடுவில் நிற்க வேண்டிய குரல் எங்கே என்று தெரியாமல் அறையெங்கும் அலையும், பேஸும் இளைத்துவிடும். அந்த ஒரு பக்க வயரைத் திருப்பிப் போட்டால் குரல் நடுவுக்கு வந்துவிடும்.