மிதக்குமா, முங்குமா? ஒரு தொட்டித் தண்ணீரில் குழந்தையின் முதல் அறிவியல்

சமையல் சோடாவில் வினிகர் ஊற்றிப் பொங்கவிடும் எரிமலையை நானும் செய்து பார்த்திருக்கிறேன். அரை நிமிடத்தில் பொங்கி அடங்கியது. செய்தது நான், மகள் வேடிக்கைதான் பார்த்தாள். இரண்டு, மூன்று வயதில் கைவிட்டு அளைய வேண்டும். அதற்குத் தண்ணீர் போதும்.

தொட்டி

அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் நான்கு விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர் விடுங்கள். அடியில் பழைய துண்டு ஒன்றை விரியுங்கள். 5 சென்டிமீட்டர் தண்ணீரிலும் குழந்தை மூழ்கும் ஆபத்து உண்டு. போன் அடித்தாலும் எழுந்து போகாதீர்கள், முடிந்ததும் உடனே கொட்டிவிடுங்கள்.

பொருட்கள்

ஸ்டீல் கரண்டி, பிளாஸ்டிக் மூடி, மரக்கட்டை, ஸ்பாஞ்சு, ஒரு ஆரஞ்சு. டாய்லெட் பேப்பர் சுருளின் அட்டைக்குழாய்க்குள் நுழைகிற அளவில் எதுவும் வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

முதல் சுற்று

ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்து, "மிதக்குமா, முங்குமா?" என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் "முங்கும்" என்றே பதில் வரலாம். திருத்த வேண்டாம், போட்டுப் பார்க்கட்டும். நமக்குத்தான் சிரமம்: வாய் துறுதுறுக்கும். என் மகள் ஒரே கரண்டியை விடாமல் திரும்பத் திரும்பப் போட்டாள். இந்தத் தடவையும் முங்குகிறதா என்று பார்க்கிறாள் என்பது எனக்கு உறைக்கவே நேரமானது.

ஆரஞ்சு

தோலோடு போட்டால் மிதக்கும். உரித்துப் போட்டால் பெரும்பாலும் முங்கிவிடும். கனம் குறைந்த பிறகு முங்குவானேன்? தோலுக்குள் நிறையக் காற்று இருக்கிறது. பழத்துக்கு அதுதான் மிதவை. ஒருமுறை நீங்கள் தனியாகச் செய்து பார்த்துவிடுங்கள்.

களிமண்

உருண்டையாகப் போட்டால் முங்கும். அதே களிமண்ணைக் கிண்ணமாகக் குழித்து மெல்ல வைத்தால் மிதக்கும். எடை மாறவில்லை, கிண்ணம் அதிகத் தண்ணீரை விலக்குகிறது, தண்ணீரும் அந்த அளவுக்கு அதை மேலே தள்ளுகிறது. இந்த விளக்கம் உங்களுக்கு மட்டும். குழந்தையிடம் "கிண்ணம் மிதக்குது பார்" என்றால் போதும். மாவில் பிசைந்தது கரைந்துவிடும், எண்ணெய்ப் பதமுள்ள களிமண்ணே சரி.

பனிக்கட்டி

முந்தைய இரவே ஒரு பிளாஸ்டிக் பொம்மையைக் கிண்ணத் தண்ணீரில் போட்டு உறையவையுங்கள். எடுத்ததும் கொடுக்காதீர்கள், விரல் ஒட்டிக்கொள்ளும். பத்து நிமிடத்தில் மேற்பரப்பு ஈரமாகிவிடும். பிறகு வெதுவெதுப்பான நீரைக் கரண்டியால் மொண்டு ஊற்றிப் பொம்மையை விடுவிப்பது குழந்தையின் வேலை. சீக்கிரம் உருகட்டும் என்று உப்பைத் தூவாதீர்கள்: உப்பு கலந்த பனி பூஜ்யம் டிகிரி செல்சியஸுக்கும் வெகு கீழே குளிர்ந்து தோலைப் புண்ணாக்கும். உடைந்து விழும் சில்லுகள் வாய்க்குப் போகும் முன் எடுத்துவிடுங்கள்.

தண்ணீரை வெளியே இறைக்கத் தொடங்கினால் சலிப்பு வந்துவிட்டது என்று பொருள். தரையைத் துடைக்க ஸ்பாஞ்சை அவர்கள் கையிலேயே கொடுங்கள். அது எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று பிழிந்து பார்ப்பதில் இன்னொரு பத்து நிமிடம் ஓடிவிடும்.