துடிப்பு சீராகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது இதயம் சீரில்லாமல் துடிக்கும் நோய், என்று தெரிந்த நாளிலிருந்து பலரும் நெஞ்சில் கை வைத்தபடியே இருப்பார்கள். படபடத்தால் பயம், அடங்கினால் நிம்மதி. இந்தக் கணக்கை நம்பி நடப்பதுதான் முதல் தவறு.

இந்த நோயில் இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குகின்றன. இடது மேலறையின் ஓரத்தில் சிறு பை போன்ற ஒரு பகுதி உண்டு. அங்கே ரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய 5 மடங்கு. படபடப்பையே உணராதவர்களுக்கும் இது நேரும். உறைதலைத் தடுக்கும் மாத்திரை வேண்டுமா என்று முடிவு செய்ய மருத்துவர் பார்ப்பது வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை, முன்பு வந்த பக்கவாதம் போன்றவற்றைத்தான். எத்தனை முறை படபடத்தது என்பதை அல்ல.

எனவே "இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று அந்த மாத்திரையை விட்டுவிடாதீர்கள். மின் அதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்கிய பிறகும் குறைந்தது 4 வாரம் அது கட்டாயம் வேண்டும். அப்லேஷன், அதாவது துடிப்பைக் குலைக்கும் இதயத் திசுவைச் செயலிழக்கச் செய்யும் சிகிச்சை, செய்துகொண்டவர்களிலும் பலர் தொடர்ந்து சாப்பிட வேண்டியிருக்கும். அப்லேஷனுக்குப் பின் முதல் சில வாரங்களில் துடிப்பு மீண்டும் தடுமாறலாம். அதை வைத்துச் சிகிச்சை தோற்றுவிட்டது என்று மனம் உடைந்துபோக வேண்டாம்; உள்ளே புண் ஆறும் காலம் அது.

உறைதலைத் தடுக்கும் அபிக்சபான், டாபிகாட்ரான் போன்ற மருந்துகளின் பலன் ஒரு நாளிலேயே பெரும்பாலும் குறைந்துவிடும். வேளை தவறக் கூடாது. மறந்துவிட்டாலும் அடுத்த வேளைக்கு இரண்டாகப் போட்டுக்கொள்ளக் கூடாது. பல் பிடுங்கப் போகிறோம் என்று தாமாகவே நிறுத்துகிறவர்களும் உண்டு. இதய மருத்துவரைக் கேட்காமல் அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

உறைதலைத் தடுக்கும் இன்னொரு மருந்தான வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள், அதன் பலனைக் குறைத்துவிடும் என்று கீரையை அடியோடு ஒதுக்கிவிடுகிறார்கள். தேவையில்லை. ஒரு வாரம் நிறையவும் மறுவாரம் துளியும் இல்லாமலும் சாப்பிடுவதுதான் ஐஎன்ஆர் அளவை, அதாவது ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் பரிசோதனை அளவை, குலைக்கிறது. எப்போதும் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தால் போதும்.

எனக்கு மிகவும் கவலை தருவது மூட்டு வலிக்கு வாங்கிப் போடும் மாத்திரைகள். டைக்ளோஃபெனாக்கும் ஐபுப்ரோஃபெனும் இந்த மருந்துகளோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு வரலாம். மலம் கறுத்துப் போனால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். தலையில் அடிபட்டால், வெளியே காயம் இல்லாவிட்டாலும், மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

நாடித்துடிப்பை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது சீரற்ற துடிப்புக்குச் சரிவராது. முழு 60 விநாடியும் எண்ண வேண்டும்.

இன்னொன்று, வீட்டில் இருப்பவர்களுக்கும் சேர்த்து. முகம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ சரியாகிவிடும் என்று ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள். பக்கவாதத்துக்கு மருந்து ஏற்றும் முன் மருத்துவர் கேட்கும் முக்கியமான கேள்விகளில் ஒன்று, உறைதலைத் தடுக்கும் மாத்திரையைக் கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்பது. அந்த நேரத்தில் நோயாளியால் பேச முடியாமல் போகலாம். மருந்தின் பெயரும் சாப்பிடும் நேரமும் எழுதிய சீட்டு அவர் சட்டைப்பையிலோ கைப்பையிலோ எப்போதும் இருக்கட்டும்.