வீட்டு மெயில் சர்வருக்கு ஸ்பேம் வடிகட்டி

சிறிய சர்வர் என்றால் நான் ஆர்ஸ்பேம்டி (Rspamd) என்ற வடிகட்டியைத்தான் வைப்பேன். அதையும், அது தரவைச் சேமிக்கும் ரெடிஸ் தரவுத்தளத்தையும் நிறுவிவிட்டு, மடல்களைக் கையாளும் போஸ்ட்ஃபிக்ஸில் மில்டர் (மடல் வடிகட்டி இணைப்பு) முகவரியாக அதே கணினியின் 11332ஆம் போர்ட்டைக் கொடுங்கள்.

வரும் ஒவ்வொரு மடலுக்கும் ஆர்ஸ்பேம்டி மதிப்பெண் போடும்; ஸ்பேம் சந்தேகம் கூடக்கூட எண்ணும் கூடும். இயல்பமைப்பில் 4ஐ எட்டினால் அனுப்பும் சர்வரிடம் 'பிறகு வா' என்று சொல்லும். 6ஐ எட்டினால் ஸ்பேம் முத்திரை. 15ஐ எட்டினால் வாசலோடு சரி, மடல் நிராகரிக்கப்படும். ஓடிபி தாமதமாவது எனக்குப் பொறுக்காது, ஆகவே முதல் படியை அணைத்துவிடுவேன். 15ஐ மட்டும் அவசரப்பட்டுக் குறைக்காதீர்கள். நிராகரிக்கப்பட்ட மடல் உங்கள் கண்ணிலேயே படாது.

அதிலேயே உள்ள பேயஸ் வடிகட்டிக்கு (பழைய மடல்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டு கணிக்கும் பகுதி) பயிற்சி தேவை. குப்பையில் 200, நல்லதில் 200 மடல்களாவது படித்த பிறகே அது வாய் திறக்கும். பலர் குப்பையை மட்டும் ஊட்டிவிட்டு, வேலை செய்யவில்லை என்று புலம்புகிறார்கள். இன்பாக்ஸையும் சேர்த்து ஊட்டுங்கள்.