செட்டிநாட்டு வீட்டில் ஒரு களவும் ஒரு கொலையும்: முதல் துப்பறியும் நாவலை எழுதும் முறை

முதன்முறையாகத் துப்பறியும் நாவல் எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் துப்பறிவாளரின் மீசையிலிருந்தோ முதல் அத்தியாயத்துப் பிணத்திலிருந்தோதான் தொடங்குகிறார்கள். கலைப்பொருள் களவைப் பற்றிய கதைக்கு அந்த வழி உதவாது. களவு போகும் பொருளிலிருந்து தொடங்க வேண்டும். அதை யார் வாங்கினார், யாருக்குச் சீராக வந்தது, எந்தப் பங்காளியின் பொறுப்பில் இருந்தது என்று எழுதிப் பார்த்தாலே சந்தேகத்துக்குரியவர்கள் ஒவ்வொருவராக வந்து நிற்பார்கள்.

படி 1: பொருளைத் தேர்ந்தெடுங்கள்

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்துப் பெரிய வீடுகளில் ரவிவர்மா படங்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பெரும்பாலானவை அச்சுப் படங்கள். அவர் 1894-இல் பம்பாயில் நிறுவிய அச்சகம் போன்றவற்றிலிருந்து நாடெங்கும் பரவியவை. அத்தகைய ஒரு படத்துக்காகக் கொலை நடந்தது என்றால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். அசல் எண்ணெய் வண்ண ஓவியம் என்று வைத்தால் வேறொரு சிக்கல் வரும்: ரவிவர்மாவின் ஓவியங்கள் 1979-இல் கலைச் செல்வங்களாக அறிவிக்கப்பட்டவை என்பதால், தனியார் எவரும் அவற்றை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய இயலாது.

என் பரிந்துரை பழைய தஞ்சாவூர் ஓவியம். பலகையின் மேல் துணி ஒட்டி, சுண்ணக் கலவையால் மேடு எழுப்பி, கண்ணாடிக் கற்களைப் பதித்து, தங்க ரேக்கு ஒட்டிச் செய்யப்படுவதால், திருடுவதற்கும் போலி செய்வதற்கும் அதில் நிறைய நுணுக்கங்கள் உண்டு. ஆனால் எடையை மறந்துவிடாதீர்கள். என் முதல் வரைவில், நான்கடி உயர ஓவியத்தைக் கண்ணாடிச் சட்டத்தோடு ஒருவன் மொபெட்டில் தனியாகக் கொண்டுபோனான். படித்த உறவுக்கார ஆச்சி ஒருவர், "கொட்டானில் போட்டா எடுத்துப்போனான்?" என்று கேட்டார். கொட்டான் என்பது சிறிய ஓலைக்கூடை. அந்த அத்தியாயம் முழுவதையும் கிழித்தேன்.

படி 2: வீட்டின் வரைபடத்தைப் போடுங்கள்

முகப்பு, வளவு (நடுமுற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்), இரண்டாங்கட்டு, அடுக்களை, பின்கட்டு என்று தாளில் வரையுங்கள். பல வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிவதால், முன்வாசலில் காவல் இருந்தாலும் பின்வாசல் வேறொரு தெருவுக்குத் திறக்கும். வளவைச் சுற்றியுள்ள அறைகள் மகன்களுக்கு ஒவ்வொன்றாகப் பிரிந்தவை. இன்று அவற்றின் சாவிகள் சென்னையிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கக்கூடும். இந்தச் சாவிகள்தாம் உங்கள் கதையின் முதுகெலும்பு. ஒவ்வொரு சாவியும் எந்தத் தேதியில் யார் கையில் இருந்தது என்று தனித்தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: களவைக் கதைக்கு முன்பே நடத்திவிடுங்கள்

ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக்கிடந்து, படைப்புக்கோ (முன்னோர் வழிபாடு) திருமணத்துக்கோ மட்டும் நிறையும் வீட்டில், ஓவியம் காணாமற்போன அன்றே கூச்சல் எழுவது இயல்பன்று. அசலை எடுத்து, அதே இடத்தில் போலியை மாட்டியிருக்கட்டும். களவு நடந்து ஐந்தாறு ஆண்டுகள் கழிந்திருக்கட்டும்.

இனித் துப்புகள். முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவரில் விளக்குப் புகை பல்லாண்டு படிந்திருக்கும். படம் மறைத்த பகுதி மட்டும் வெளுத்திருக்கும். போலி அரை அங்குலம் சிறியதாக இருந்தால், அந்த வெளுப்பு ஓரத்தில் எட்டிப் பார்க்கும். ஆய்வுக்கூடத் துப்பு வேண்டுமென்றால் டைட்டானியம் வெள்ளையைப் பயன்படுத்தலாம். அந்த நிறம் முதல் உலகப் போர்க் காலத்தை ஒட்டித்தான் விற்பனைக்கு வந்ததால், 19-ஆம் நூற்றாண்டு ஓவியத்தில் அது இருக்க நியாயமில்லை. ஆயினும் பிற்காலத்தில் பழுது பார்த்தவர் அதைப் பூசியிருக்கலாம் என்று உங்கள் குற்றவாளியே வாதிட முடியும். அந்த வாதத்தை அவருக்குக் கொடுங்கள், கதை சுவைபடும்.

படி 4: கொலைக்கு ஒரே ஒரு காரணம்

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். விற்றுப் பணமாக்கிய திருடனுக்குக் கொலை செய்யத் தேவையே இல்லை. களவை நிரூபிக்கக்கூடிய ஒருவர் இருந்தால்தான் தேவை வரும்.

ஸ்ரீபுரந்தான் நடராசரை நினைத்துப் பாருங்கள். அரியலூர் மாவட்டக் கோயிலிலிருந்து களவுபோன அச்சிலையை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008-இல் பொய்யான உரிமை ஆவணங்களை நம்பி வாங்கியது. 2014-இல் திருப்பித் தந்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கோயிலில் எடுத்து வைத்திருந்த பழைய புகைப்படங்கள், சிலை எங்கிருந்தது என்பதைக் காட்டின. எத்தனை ஆவணங்களைப் புனைந்தாலும் ஒரு பழைய படம் அவற்றைக் கவிழ்த்துவிடும்.

இதை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். ஓய்வுபெற்ற கணக்குப்பிள்ளையிடம் 1960-களின் திருமணப் புகைப்படம் ஒன்று இருக்கிறது. மணமக்களுக்குப் பின்னால் அசல் ஓவியம் தெரிகிறது, அதில் கிருஷ்ணனின் காலடியில் ஒரு கல் உதிர்ந்திருக்கிறது. இப்போது தொங்கும் படத்தில் கல் உதிரவில்லை. அவர் அதை யாரிடம் முதலில் சொல்கிறார் என்பதே கொலையாளி யார் என்பதற்கு விடை.

படி 5: காவல் துறையையும் சட்டத்தையும் சரிபாருங்கள்

கதை 2024 சூலை 1-க்குப் பின் நடந்தால் கொலைக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 103-ஆம் பிரிவு. அதற்கு முன் நடந்தால் இந்திய தண்டனைச் சட்டத்தின் 302. நூறாண்டு கடந்த ஓவியம் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். 1983-இல் தொடங்கப்பட்ட சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவிலிருந்து ஓர் அதிகாரியை வரவழைத்தால், கொலையை விசாரிக்கும் உள்ளூர் ஆய்வாளருக்கும் அவருக்கும் இடையே உரசல் இயல்பாகவே எழும். கோடையில் பிணம் விறைப்பதும் விறைப்புத் தளர்வதும் விரைவாக நடக்கும். மார்கழிக் கணக்கைச் சித்திரையில் போடாதீர்கள்.

படி 6: இரண்டு கால அட்டவணைகள்

ஒரு தாளில் உண்மையில் நடந்தவற்றைத் தேதியோடு எழுதுங்கள். மற்றொன்றில், வாசகருக்கு எது எந்த அத்தியாயத்தில் தெரியவரும் என்று குறியுங்கள். கல் உதிர்ந்த செய்தி மூன்றாம் அத்தியாயத்திற்குள், படைப்புக்கு வந்த பெண்கள் பேச்சோடு பேச்சாகச் சொல்லிப்போகும் ஒரு வரியாக வந்துவிட வேண்டும். பந்தியில் பரிமாறப்படும் கவுனி அரிசிக்குத் தரும் கவனத்தைவிட அதிகமாக அதற்குத் தராதீர்கள். புகைப்படம் பிற்பாதியில் வரட்டும். இரண்டு தாள்களும் முரணின்றிப் பொருந்திய பிறகு முதல் அத்தியாயத்தைத் தொடங்குங்கள். அதில் பிணம் வேண்டாம், பூட்டைத் திறக்கும் ஒரு சாவி போதும்.