மொரீஷியஸ் கரையிலிருந்து டைவ் செய்பவர்கள் கடலைத் தவறாகக் கணிக்கும் இடங்கள்

ஜூலை மாதக் காலையில் மேற்குக் கரையிலுள்ள ஃபிளிக் அன் ஃபிளாக்கில் போய் நின்றால் சவுக்கு மரக் கிளைகூட அசையாது. குளிர்காலத்தில் இங்கே வீசுவது தென்கிழக்குக் காற்று; தீவின் நடுவிலுள்ள மலைகள் அதை மேற்குக் கரைக்கு விடாமல் மறித்துக்கொள்கின்றன. காற்றில்லை, ஆகவே கடலும் அமைதி என்று முடிவு கட்டி சிலிண்டரை முதுகில் மாட்டுவதுதான் முதல் தவறு. குளிர்காலத்தில் இந்தக் கரைக்கு வரும் பெரிய அலைக்கும் உள்ளூர்க் காற்றுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. தெற்கே வெகு தொலைவில், புயல் ஓயாத கடலில் பிறந்து நாள்கணக்கில் பயணம் செய்து வருவது அது. 2007 மே 12 அன்று பக்கத்துத் தீவான ரீயூனியனின் சேன் பியேர் துறைமுகத்தைச் சிதைத்த அலைகள் கேப் டவுனுக்குத் தெற்கே எழுந்தவை. ஏறத்தாழ 4,000 கிலோமீட்டரை மூன்று நாளில் கடந்து வந்தவை. தமிழ்நாட்டுக் கரையில் கள்ளக்கடல் எச்சரிக்கை விடுகிறார்களே, அதற்கும் மூலம் இதே தெற்குக் கடல்தான்.

ஆகவே வானத்தைப் பார்ப்பதைவிட முந்தின இரவே அலை முன்னறிவிப்பைப் பார்ப்பது பயன் தரும். மொரீஷியஸ் வானிலை ஆய்வு நிலையம் உயர் அலை எச்சரிக்கை விடுத்திருந்தால் பேச்சுக்கே இடமில்லை. எச்சரிக்கை இல்லை என்பதை அனுமதிச் சீட்டாகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முன்னறிவிப்பில் பலரும் பார்ப்பது உயரத்தை மட்டுமே. ஒன்றரை மீட்டர்தானே என்பார்கள். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே எத்தனை விநாடி என்ற எண் அதன் பக்கத்திலேயே இருக்கும். நீருக்கடியில் உங்களை ஆட்டிப்படைப்பது அதுதான். பத்து மீட்டர் ஆழத்தில் தரையை ஒட்டி இருக்கிறீர்கள், மேலே ஒன்றரை மீட்டர் அலை போகிறது என்று வையுங்கள். இடைவெளி 7 விநாடியானால் அது உங்களை முன்னும் பின்னும் ஒரு மீட்டருக்குச் சற்று அதிகமாக நகர்த்தும். 14 விநாடியானால் அதே உயர அலை சுமார் மூன்று மீட்டர் இழுத்துத் தள்ளும். பாறை இடுக்குக்குள் தலையை நீட்டி விலாங்கு தேடிக்கொண்டிருப்பவருக்கு மூன்று மீட்டர் என்பது மாஸ்க் உடையப் போதுமான தூரம்.

இன்னொன்று: முன்னறிவிப்பு சொல்லும் உயரம் உச்சவரம்பு அன்று. வரும் அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி அது. நூறு அலைக்கு ஒன்று அதைப்போல ஒன்றரை மடங்கு வரலாம். 12 விநாடிக்கு ஓர் அலை என்றால் நூறு அலைக்கு இருபது நிமிடம். கரையில் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு 'இன்று பரவாயில்லை' என்பவர் பெரிய அலைத் தொகுதியைப் பார்க்காமலேயே தீர்ப்புச் சொல்கிறார். அரை மணி நேரம் பாருங்கள். கையில் தால் பூரி இருந்தாலும் சரி, கடலுக்கு முதுகைக் காட்டாதவரை.

லகூனை, அதாவது கரைக்கும் பவளப்பாறைக்கும் இடையிலுள்ள நீர்ப்பரப்பை, பற்றிய நம்பிக்கைதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கவலை தருவது. தீவைப் பெரும்பாலும் பவளப்பாறை சூழ்ந்திருப்பதால் உள்ளே குளம் போல இருக்கிறது, பிள்ளைகள் விளையாடுகிறார்கள். ஆனால் பாறைமேல் உடையும் ஒவ்வோர் அலையும் நீரை உள்ளே கொட்டுகிறது. கொட்டிய நீர் வெளியேறியாக வேண்டும். அதற்கு இருக்கும் வழி, பாறைத் தொடரின் இடைவெளி, உள்ளூரில் எல்லோரும் சொல்லும் 'பாஸ்'. வெளியே அலை பெருக்கப் பெருக்க அங்கே வெளியோட்டம் வேகமெடுக்கும். ஆழம் அதிகமாதலால் அங்கே அலை உடைவதும் குறைவு. இருபுறமும் வெள்ளை நுரை, நடுவில் மட்டும் கருநீலமாக அமைதியான பாதை. புதியவர் தேர்ந்தெடுப்பது சரியாக அந்தப் பாதையைத்தான். போகும்போது சுகமாகக் கொண்டுபோய் விடும், திரும்பும்போது விடாது. இங்கே கடல் ஏற்ற இறக்கம் அரை மீட்டர் அளவே. ஆகவே வற்று, பெருக்கு அட்டவணையை மட்டும் பார்த்துவிட்டு நீரோட்டம் இருக்காது என்று நம்புவது வீண். பாறைமேல் எவ்வளவு நுரை பறக்கிறது என்று பார்ப்பது அதைவிட நம்பகமான அட்டவணை.

தெற்கே சுயாக் பக்கம், க்ரி க்ரியில், அந்தத் தடுப்பும் இல்லை. கருங்கல் முகட்டில் கடல் நேராக மோதுகிறது. அங்கே கரையிலிருந்து இறங்கலாமா என்று கேட்டு வருபவர்களுக்கு ஒரே பதில்தான்: நின்று ரசியுங்கள்.

அலை தன் உயரத்தைப்போல ஏறத்தாழ 1.3 மடங்கு ஆழத்தில் உடையும். ஒரு மீட்டர் அலை நெஞ்சளவு நீரில் உடைகிறது. நம்மவர்கள் நின்று நிதானமாகக் கால்துடுப்பை மாட்டுவதும் அதே நெஞ்சளவு நீரில்தான்! அலை எட்டாத இடத்திலேயே மாட்டிக்கொண்டு பின்னோக்கி நடங்கள். இல்லையென்றால் கையில் பிடித்தபடி அந்த இடத்தைக் கடந்து, மிதந்துகொண்டு மாட்டுங்கள். சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் ரெகுலேட்டர் வாயிலேயே இருக்கட்டும். கடலடியில் நீர் இழுக்கும்போது எதிர்த்து உதைத்துக் காற்றை வீணாக்காதீர்கள். தள்ளும்போது முன்னேறி, இழுக்கும்போது ஓய்ந்திருங்கள். மேலே வரும்போது அலை திடீரென்று தூக்கும், அப்போது மூச்சை அடக்குவது நுரையீரலுக்கு ஆபத்து. மூன்று மீட்டர் ஆழத்தில் அது மிகவும் உண்மை.

ரோஸ் ஹில் நகரத்திலிருந்து இரண்டு காரில் குடும்பமே வந்திருக்கும். பிரியாணிப் பாத்திரம் இறங்கிவிட்டது, சென்னையிலிருந்து வந்த மருமகன் புது டைவிங் உடையில் நிற்கிறார், 'இந்தக் கடலை எனக்குத் தெரியாதா' என்கிறார் மாமா. இத்தனை பேர் முன்னிலையில் வேண்டாம் என்று சொல்வது எளிதன்று. எந்த உயரம், எந்த இடைவெளி என்றால் திரும்பிவிடுவது என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிட்டால் மாமாவோடு வாதாட வேண்டியதில்லை.

இறங்கும் இடத்தைவிட ஏறும் இடத்தையே நான் அதிக நேரம் பார்ப்பேன். பாறை முகட்டிலிருந்து குதிக்க அலை சிறியதாக இருந்தால் போதும், அதே முகட்டில் ஏற அலையே இருக்கக் கூடாது. நீருக்குள் இருக்கும் முக்கால் மணி நேரத்தில் அலை வளர்ந்துவிட்டால் என்ன செய்வது? இரண்டாவது ஏறுமிடம் ஒன்றை முன்பே நடந்து பார்த்து வைத்திருக்க வேண்டும். அலை உடையும் கோட்டுக்கு வெளியே மிதந்து, பெரிய தொகுதி கடந்துபோகக் காத்திருக்க வேண்டும். அதற்கும், நுரைக்குள் புரண்டாலும் மூச்சுவிடுவதற்கும் சிலிண்டரில் காற்று வேண்டும். படகிலிருந்து இறங்குபவர்கள் சிலிண்டரில் 50 பார் (காற்றழுத்த அளவு) மீதியோடு மேலே வருகிறார்கள். கரை டைவில் 100 பார் காட்டும்போதே நான் கரைப் பக்கம் திரும்பிவிடுவேன்.