பேட்ச் இப்போது யார் கையில்? சிறிய ஓப்பன் சோர்ஸ் திட்டத்தில் வேலை பிரிப்பது எப்படி

நாங்கள் நான்கு பேர் ஓய்வு நேரத்தில் நடத்திய ஒரு மென்பொருளுக்கு ஒருமுறை அருமையான பேட்ச் (நிரலில் சேர்க்கச் சொல்லி ஒருவர் எழுதி அனுப்பும் மாற்றம்) ஒன்று வந்தது. ஏழு மாதம் அப்படியே கிடந்தது. யாரும் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர் பார்ப்பார் என்று இவரும், இவர் பார்ப்பார் என்று அவரும் இருந்துவிட்டோம், அவ்வளவுதான். அனுப்பியவர் அதற்கப்புறம் எங்கள் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

ஐந்தாறு தன்னார்வலர்கள் இருக்கும் திட்டத்துக்கு எது போதுமோ அதைக் கீழே சொல்கிறேன். முறை என்னுடையதல்ல. பெரும்பகுதி போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத் திட்டத்திலும் லினக்ஸ் கெர்னலிலும் (லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதி) பல வருடங்களாகப் புழங்குவது. நம் அளவுக்குச் சுருக்கியிருக்கிறேன்.

படி 1: யாருக்கு எது என்று எழுதி வையுங்கள்

லினக்ஸ் கெர்னலின் மூலநிரலிலேயே ‘மெயின்டெய்னர்ஸ்’ என்று ஒரு கோப்பு உண்டு. சாதாரண டெக்ஸ்ட் கோப்புதான். எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு, அந்தப் பகுதியில் எந்தெந்தக் கோப்புகள் அடங்கும் என்று வரிசையாக இருக்கும். எனக்குப் பிடித்தது அதிலுள்ள நிலை வரி. ஒருவர் சம்பளத்துக்கே அதைப் பார்த்துக்கொள்கிறார் என்றால் ‘சப்போர்ட்டட்’. பொறுப்பாக ஒருவர் கவனிக்கிறார் என்றால் ‘மெயின்டெயின்ட்’. ஆள் உண்டு, ஆனால் அவருக்குப் பெரிதாக நேரமில்லை என்றால் ‘ஆட் ஃபிக்ஸஸ்’. யாருமே இல்லையென்றால் ‘ஆர்ஃபன்’, அதாவது அநாதை.

உங்கள் திட்டத்திலும் இப்படி ஒரு கோப்பு போடுங்கள். ஒரு பகுதியை அநாதை என்று எழுதக் கூச்சப்பட வேண்டாம். எங்கே இடம் காலியாக இருக்கிறது என்று புதிதாக வருபவர் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். உங்கள் நிரல் கிட்ஹப் தளத்தில் இருந்தால் ‘கோட்ஓனர்ஸ்’ கோப்பில் ஃபோல்டரையும் ஆளையும் எழுதிவிடுங்கள். அந்த ஃபோல்டரில் கை வைக்கும் புல் ரிக்வெஸ்ட் (பேட்ச்சைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) வந்தால் ரிவ்யூ கோரிக்கை தானாகவே அவருக்குப் போகும்.

படி 2: துரத்த ஒரு ஆள்

பேட்ச் எழுதுபவர், அதைச் சரிபார்த்து ரிவ்யூ செய்பவர், கடைசியில் திட்டத்தின் நிரலில் சேர்த்து கமிட் செய்பவர். இந்த மூவரையும் எல்லோருக்கும் தெரியும். சிறிய திட்டங்கள் மறந்துபோவது நான்காவது ஆளை. போஸ்ட்கிரெஸில் அவருக்குக் கமிட்ஃபெஸ்ட் மேனேஜர் என்று பெயர் (கமிட்ஃபெஸ்ட் என்ன என்று படி 4-இல் சொல்கிறேன்). அவர் நிரல் எழுத வேண்டியதில்லை. “பத்து நாளாக உங்களிடம் இருக்கிறதே, முடியுமா, வேறு யாருக்காவது கொடுக்கட்டுமா?” என்று கேட்பதுதான் வேலை. நச்சரிக்கும் வேலை என்பதால் ஒருவர் தலையிலேயே கட்டாமல் மாதத்துக்கு ஒருவராக மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 3: ஒவ்வொரு பேட்ச்சுக்கும் ஒரு நிலை

நான்கு லேபிள் போதும்: ‘ரிவ்யூ வேண்டும்’, ‘எழுதியவரிடம் இருக்கிறது’, ‘கமிட்டுக்குத் தயார்’, ‘கருத்துச் சொல்லித் திருப்பியாயிற்று’. லேபிளைப் பார்த்ததும் பேட்ச் யார் கையில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற லேபிளை மட்டும் வைக்காதீர்கள். அதைப் பார்த்து யார் என்ன செய்ய வேண்டும் என்று யாருக்கும் புரியாது.

படி 4: நாள் குறியுங்கள்

போஸ்ட்கிரெஸில் 2008 முதல் கமிட்ஃபெஸ்ட் நடக்கிறது. சமீப ஆண்டுகளில் ஜூலை, செப்டம்பர், நவம்பர், ஜனவரி, மார்ச் என ஐந்து. அந்த மாதம் முழுக்கப் புது வேலையைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்து, குவிந்திருக்கும் பேட்ச்களைப் பார்ப்பார்கள். அங்கே இன்னொரு வழக்கமும் உண்டு: நீங்கள் ஒரு பேட்ச் கொடுத்தால், ஏறக்குறைய அதே அளவுள்ள இன்னொருவர் பேட்ச்சை நீங்கள் ரிவ்யூ செய்ய வேண்டும். மொய் மாதிரிதான். நமக்கு மாதம் ஒரு சனி, ஞாயிறு போதும். மொய் விதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். ரிவ்யூவுக்கு ஆள் கிடைக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

படி 5: ரிவ்யூவை அடுக்கடுக்காகப் பிரியுங்கள்

“எனக்கு அவ்வளவு நிரல் தெரியாது, நான் எப்படி ரிவ்யூ செய்வது?” என்று புதியவர்கள் தயங்குவார்கள். நிரலைப் படிப்பது ரிவ்யூவில் பின்னால் வரும் வேலை. அதற்கு முன்னால் இவ்வளவு இருக்கிறது:

பேட்ச் இன்றைய நிரல்மீது சிக்கலில்லாமல் பொருந்துகிறதா? பில்டு ஆகிறதா, அதாவது நிரல் ஓடும் மென்பொருளாக மாறுகிறதா? டெஸ்ட்டுகள் ஓடுகின்றனவா, இதற்கென்று புது டெஸ்ட் இருக்கிறதா? சொன்னதைச் செய்கிறதா? உதவிப் பக்கத்தில் மாற்றி எழுதியிருக்கிறார்களா? முதலில் இந்த வசதி நமக்கு வேண்டுமா?

பொறுமையும் ஒரு கணினியும் உள்ள எவரும் இதை ஒரு மாலையில் செய்துவிடலாம். செய்தவர் எதை ஓட்டிப்பார்த்தார், எந்த இயங்குதளத்தில், என்ன வந்தது என்று நாலு வரி எழுத வேண்டும். “நன்றாக இருக்கிறது” என்று மட்டும் எழுதினால் கமிட் செய்பவருக்கு ஒரு பயனும் இல்லை. அனுபவசாலி இதற்கு மேல் வடிவமைப்பையும் நிரலையும் பார்த்தால் போதும். ஸ்பேஸ், அடைப்புக்குறிச் சண்டைகளைத் தானியங்கிச் சோதனையிடம் விட்டுவிடுங்கள். அதற்காக மனுஷரோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

படி 6: கமிட் உரிமையை நிதானமாகக் கொடுங்கள்

2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழைய வைத்த வழி) இருப்பது தெரியவந்தது. கிட்டத்தட்ட ஒற்றை ஆளாகத் திட்டத்தை இழுத்துக்கொண்டிருந்தவருக்கு உதவ வந்து, இரண்டு வருடத்துக்கும் மேலாக நல்ல பேட்ச்களாகக் கொடுத்து நம்பிக்கை சம்பாதித்தவர்தான் அதை வைத்தார். அதைத் தூண்டிவிடும் பில்டு வரிகள் ரிப்போவில் (எல்லோரும் பார்க்கும் மூலநிரல் தொகுப்பில்) இல்லை, வெளியே விநியோகிக்கும் வெளியீட்டுப் பொதியில் மட்டும் இருந்தன. அதனால் இரண்டு விதி வையுங்கள்: தன் பேட்ச்சைத் தானே கமிட் செய்யக் கூடாது, வெளியீட்டுப் பொதியை ஒருவர் தயாரித்தால் அதை இன்னொருவர் ரிப்போவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

படி 7: போகிறவருக்கு வழி விடுங்கள்

கல்யாணம், குழந்தை, புது வேலை என்று ஆட்கள் காணாமல் போவார்கள். ஆறு மாதம் சத்தமே இல்லையென்றால் துரத்துபவர் ஒருமுறை கேட்கட்டும். பதில் இல்லையென்றால் அந்தப் பகுதியை அநாதை என்று மாற்றிவிடுங்கள். பெயரை மட்டும் அழிக்க வேண்டாம். கெர்னலில் இதற்கென்றே ‘கிரெடிட்ஸ்’ என்று தனிக் கோப்பு இருக்கிறது. பொறுப்பிலிருந்து விலகுபவர் பெயரை அங்கே சேர்ப்பது வழக்கம்.